காற்று சாய்த்த மரமும் கை கொன்ற மரமும்: காவிரி டெல்டாவில் மரம் எப்படிப் பிழைக்கிறது

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் டெல்டாவில் ஒரு கேள்வி எழும்: இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் மரத்தை வைத்திருப்பதா, வெட்டி விறகுக்குப் போடுவதா? சாலை அகலப்படுத்தும்போது இன்னொரு கேள்வி: ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுகிறார்களே, அது ஈடாகாதா? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது. மரத்தின் உயிர் அதன் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், காற்று எதைக் கொல்லும், எதைக் கொல்லாது என்பது விளங்கும். காற்று விட்டுவைத்ததை நாம் எப்படிக் கொல்கிறோம் என்பதும் விளங்கும்.

## உயிர் இருக்கும் இடம்

வேம்பு, புளி, பூவரசு போன்ற ஒரு மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வெளியிலிருந்து உள்ளே நான்கு அடுக்குகள் இருக்கும்.

1. பட்டை. இதன் வெளிப்பகுதி கவசம். உட்பகுதி, இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழி.
2. வளர்படை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய படலம். கண்ணால் பிரித்தறிய முடியாது. தண்டு பருப்பதும், காயத்தின் ஓரத்தில் புதுச் சதை உருண்டு வருவதும் இதன் வேலை.
3. வெள்ளை. தச்சர்கள் கழித்துப் போடும் வெளிர்ந்த கட்டை. வேர் உறிஞ்சும் நீர் இதன் வழியாகவே ஏறுகிறது. மரத்தின் மாவுச்சத்துச் சேமிப்பும் பெரும்பாலும் இங்கேயும் வேரிலும்தான்.
4. வைரம். நடுவில் இருக்கும் கருத்த, உறுதியான கட்டை. இது உயிரற்றது, தூண்போல் தாங்க மட்டுமே செய்யும்.

நடு முழுக்கப் பொந்து விழுந்த புளியமரம் ஆண்டுதோறும் காய்ப்பது இதனால்தான். அது இழந்தது செத்த பகுதியை. அதே மரத்தில் தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டால், உடனே வாடாது. வேரில் மிச்சமிருக்கும் உணவு தீரும்வரை பச்சையாகவே நிற்கும். பிறகு வேர் பட்டினியில் சாகும், மரம் பின்தொடரும். 'நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று காய்ந்துவிட்டது' என்று சொல்லப்படும் சாலையோர மரங்கள் பலவற்றின் அடியில் குப்பை எரித்த கரி இருக்கும். வெப்பத்தில் வளர்படை வெந்துபோனால், அதுவும் பட்டையை உரித்ததற்குச் சமம்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். மரத்தின் காயம் நம் காயம்போல் ஆறுவதில்லை. காயப்பட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி, அழுகலை உள்ளேயே அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து 1970களில் இதை விளக்கினார். ஆகவே மரத்தில் அடித்த ஆணி, பிடுங்கிய பிறகும் உள்ளே ஒரு வடுவாக இருந்துகொண்டே இருக்கும். பொந்தில் சிமெண்ட் அடைப்பதும் தார் பூசுவதும் ஈரத்தை உள்ளே பூட்டி அழுகலுக்கு வசதி செய்து தருவதே.

மொட்டை மரம் மீண்டும் துளிர்க்கக் காரணம் பட்டைக்கு அடியில் கிடக்கும் உறங்கும் மொட்டுகள். மேலே இலையும் நுனியும் இருக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும். நுனி போனதும் கிளம்பும். துளிர் விடத் தேவையான செலவு முழுதும் சேமித்த மாவுச்சத்திலிருந்து போகிறது. முதல் துளிர் வந்த சில வாரங்களில் 'அலங்கோலமாக இருக்கிறது' என்று அதையும் கழித்துவிட்டால், கையிருப்பு காலியான மரத்தால் இரண்டாம் முறை எழ முடியாது.

## புயல் காற்று என்ன செய்கிறது

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. டெல்டா மரங்கள் அன்று சந்தித்தது வெறும் வேகத்தை அல்ல; மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன.

முதலாவது, காற்றின் அழுத்தம் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. காற்றைத் தாங்கிய மரம் 120-ல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு தாங்க வேண்டும்.

இரண்டாவது, ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிய மண். ஈர மண்ணில் வேரின் பிடி தளர்ந்துவிடும். சித்திரையில் இதே காற்று அடித்திருந்தால் தண்டு முறிந்த மரங்கள் அதிகமாகவும் வேரோடு சாய்ந்தவை குறைவாகவும் இருந்திருக்கும்.

மூன்றாவதுதான் அதிகம் பேசப்படாதது. புயலின் மையம் கடந்துபோகும் ஊர்களில் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று, சற்று ஓய்ந்து, பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். முதல் காற்றில் ஒரு பக்க வேர் இழுபட்டு நெகிழும். திரும்பி வரும் காற்று அந்த நெகிழ்ந்த குழியிலிருந்து மரத்தைப் பிடுங்கும்.

## தென்னையும் பனையும்

ஒரே வரப்பில் தென்னை சாய்ந்து கிடக்க, பக்கத்துப் பனை அசையாமல் நின்றதைக் கஜா வீசிய ஊர்களில் எல்லோரும் பார்த்தார்கள். உயிரியல்படி இரண்டும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் வளர்படை கிடையாது. ஆகவே தண்டு காயத்தை மூடிக்கொள்ளாது. இரண்டுக்கும் உயிர் ஒரே ஒரு குருத்தில். குருத்து போனால் மரம் போச்சு. உறங்கும் மொட்டு என்ற மாற்று ஏற்பாடு இல்லை. பிறகு எங்கே வேறுபாடு?

பனை முதலில் கீழே போகிறது, பிறகுதான் மேலே வருகிறது. விதைத்த கொட்டையிலிருந்து முதலில் கிளம்புவது இலை அல்ல, மண்ணுக்குள் இறங்கும் கிழங்கு. பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்பது அந்தக் கிழங்கைத்தான். தோண்டாமல் விட்டால் மரத்தின் அடி நிலமட்டத்துக்குக் கீழேயே உருவாகிவிடும். அடுத்துப் பல ஆண்டுகள் உயரமே காட்டாமல் அடியைப் பருக்கவைக்கும். பாளை விட 12 முதல் 15 ஆண்டு, சில இடங்களில் அதற்கும் மேல் ஆவது இந்த நிதானத்தின் விலை. தண்டின் வெளிப்புறம் முழுக்க வைர நார். கொண்டை தென்னையைவிடச் சிறியது, மட்டை குட்டை. காற்று பிடித்து இழுக்கப் பெரிய பாய்மரம் அங்கே இல்லை.

தென்னையின் நிலை வேறு. வளர்ந்த மரத்தில் 30 முதல் 40 மட்டைகள். வேர்களுக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து ஆயிரக்கணக்கில் கயிறுபோல் கிளம்பும் சல்லி வேர்கள்தான். அவற்றில் பெரும்பாலானவை மரத்திலிருந்து 2 மீட்டர் தூரத்துக்குள், 30 முதல் 120 செ.மீ. ஆழத்தில் இருக்கும். கல்லணைக் கால்வாயான புது ஆற்றின் பாசனம் 1934-ல் மேட்டூர் அணையோடு வந்தது; அது பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மண், பழைய டெல்டாவின் களியைப்போல் இறுகிய மண் அல்ல; மணல் கலந்தது. தென்னைக்கு வடிகால் நன்றாகக் கிடைக்கும், காய்ப்பும் நன்றாக இருக்கும். ஆனால் பிடி குறைவு. மூன்றடிக் குழியில் ஆழ வைக்க வேண்டிய கன்றை ஒன்றரை அடியில் வைத்துவிட்ட தோப்புகளில் தூர் தரைக்கு மேலேயே தெரியும். அப்படிப்பட்ட மரம் நிற்பது காற்றின் தயவில்.

இதில் தென்னையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரப்பு முழுவதும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே மரம் என்று வைத்தது நாம். வரப்போரப் பனைகளையும் வேலியோரப் புன்னை, இலுப்பை, புங்கனையும் எடுத்துவிட்டுத் தென்னைக்கு இடம் தந்தோம். பனை செங்கல் சூளைக்குப் போயிற்று. மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்ற அறிவிப்பு 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது.

## நின்ற தென்னையின் கடிகாரம்

கஜாவில் சாய்ந்த தென்னைக்கு நிவாரணம் 1,100 ரூபாய்: மரத்துக்கு 600, அகற்ற 500. நின்ற மரம் பிழைத்ததாகக் கருதப்பட்டது. ஆனால் நின்ற மரத்தின் இழப்பு பல மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும். காரணம் தென்னையின் உள் கடிகாரம்.

ஒரு பாளையின் கரு, அது வெடித்து வெளிவருவதற்குச் சுமார் 32 மாதம் முன்பே குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. பாளை வெடித்தபின் காய் முற்ற 12 மாதம். ஆக, இன்று பறிக்கும் காய்க்கு விதை போட்டது ஏறக்குறைய 44 மாதம் முந்தைய குருத்து. புயலன்று குருத்துக்குள் வெவ்வேறு வயதில் வரிசையாக அடுக்கியிருந்த பாளைகள் அனைத்தும் அந்த அடியை வாங்கியவை. மரம் மாதத்துக்குச் சுமார் ஒரு மட்டைதான் விடும்; முழுக் கொண்டை திரும்ப இரண்டரை ஆண்டுக்கு மேல். முதலாண்டில் குரும்பை உதிர்வதையும், இரண்டாமாண்டில் பாளை சிறுப்பதையும் பார்த்து 'மரம் மலடாகிவிட்டது' என்று வெட்டியவர்கள், மீண்டு வந்துகொண்டிருந்த மரத்தை வெட்டினார்கள். நெட்டைக் கன்று புதிதாக வைத்தால் காய்க்க ஆறேழு ஆண்டு. நின்ற மரத்துக்கு மூன்று, நான்கு ஆண்டு பொறுப்பதே லாபம்.

## புயலுக்குப் பிறகு: செய்ய வேண்டிய வரிசை

1. முதலில் குருத்தைப் பாருங்கள். தென்னையில் நடுக்குருத்து நிமிர்ந்து, இழுத்தால் வராமல் இருந்தால் மரம் பிழைக்கும். இழுத்ததும் கையோடு வந்து, அடியில் நாறினால் குருத்தழுகல். அழுகியதைச் சுத்தமாக வெட்டி எடுத்து, போர்டோ பசை தடவ வேண்டும்: 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னோர் அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்துப் பின் கலப்பது. இரும்புப் பாத்திரம் கூடாது. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம்.

2. பச்சை மட்டையைக் கழிக்காதீர்கள். பாதி முறிந்து தொங்கினாலும் பச்சை இருக்கும்வரை அது சமைத்துக்கொண்டிருக்கிறது. குருத்தை மறைத்து முறுக்கிக் கிடப்பதை மட்டும் விலக்கினால் போதும்.

3. சாய்ந்த தண்டைத் தோப்பில் போட்டுவைக்கக் கூடாது. புயலில் தப்பிய மரங்களை அடுத்த ஆண்டு கொல்வது பெரும்பாலும் இந்தத் தவறுதான். அழுகும் தண்டிலும் எருக்குழியிலும் காண்டாமிருக வண்டு பெருகுகிறது. அது குருத்தைத் துளைத்த ஓட்டை வழியே சிவப்புக் கூன்வண்டு நுழைகிறது. விரிந்த மட்டை விசிறியைக் கத்தரித்ததுபோல் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தால் முதல் வண்டு. தண்டில் துளையும் பழுப்புச் சாறு வடிதலும், மென்று துப்பியதுபோல் நாரும் தெரிந்தால் இரண்டாவது. தண்டைப் பிளந்து காயவைக்க வேண்டும், அல்லது தூளாக்க வேண்டும். நிற்கும் மரத்தில் உள்ளடுக்கு மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வையுங்கள்.

4. உரம் உடனே கொட்ட வேண்டாம். வேர் அறுந்த மரம் உரத்தை எடுக்காது. புதுக்குருத்து விரிந்த பின், வழக்கமான அளவான ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் ஆகியவற்றை இரண்டாகப் பிரித்து, மரத்திலிருந்து 1.8 மீட்டர் வட்டப்பாத்தியில் இடலாம்.

5. வேம்பு, பூவரசு, மா போன்றவற்றில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. நுனியிலிருந்து அடிநோக்கிக் கீறி வந்தால் எதுவரை செத்தது என்று தெரியும். கார்த்திகையில் மொட்டையான மரத்துக்குக் குறைந்தது சித்திரைவரை தவணை கொடுக்க வேண்டும்.

6. முறிந்த கிளையை மூன்று வெட்டில் எடுங்கள். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழிருந்து பாதி. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதும். கடைசியில் மிச்சத் துண்டை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே. முதல் வெட்டு இல்லாவிட்டால் கிளை தன் பாரத்தில் பட்டையையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு இறங்கும். வளையத்தையே சீவிவிட்டால் மரம் சுவர் எழுப்ப வேண்டிய இடத்தை எடுத்துவிட்டோம் என்று பொருள்.

7. சாய்ந்ததை நிமிர்த்துவது தண்டு 10 செ.மீ. குறுக்களவுக்குள் இருந்தால் மட்டும், இரண்டு மூன்று நாளுக்குள். அதுவரை வேரை ஈரச் சாக்கால் மூடிவைக்க வேண்டும். பிய்ந்த வேரைக் கூரிய கத்தியால் நறுக்கி, மரம் எழும்பும் பக்கம் குழியை ஆழப்படுத்தி, மெதுவாக இழுத்து, மூன்று பக்கம் முட்டுக் கொடுக்கலாம். பெரிய மரத்தைக் கிரேன் வைத்து நிமிர்த்துவது படத்துக்கு அழகு. அடுத்த காற்றில் ஆள்மேல் விழும்.

## காற்றில்லாத நாளில் சாகும் மரங்கள்

புயல் சில ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. பள்ளம் தோண்டுவது தினமும் நடக்கிறது. உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணில்தான் இருக்கின்றன. கிளை நிழலுக்கு அப்பாலும் போகின்றன. மரத்தைக் காக்க விட வேண்டிய இடத்துக்கு ஒரு கணக்கு உண்டு: நெஞ்சுயரத்தில் தண்டின் குறுக்களவைப்போல் 12 மடங்கு ஆரம். 60 செ.மீ. குறுக்களவுள்ள சாலையோரப் புளிக்கு அது 7.2 மீட்டர். வடிகாலும் குடிநீர்க் குழாயும் அதன் அடியில் ஒரு முழம் தள்ளிப் போகின்றன. ஒரு பக்க வேர் அறுந்த மரம் அன்று விழாது. அறுந்த பக்கத்திலிருந்து காற்று வரும் நாளில், எதிர்ப்பக்கம் விழும். அன்று பழி காற்றுக்கு.

சாலை உயர்த்தும்போது அடித்தண்டை மண்ணால் மூடுவது இன்னொரு வகை. வேருக்கும் மூச்சு வேண்டும். பழைய டெல்டாக் களிமண்ணை அரையடி கொட்டி உருளை ஓட்டினால் காற்றுப் போகும் துளைகள் அடைபடும். நுனிக்கிளை காயத் தொடங்க ஓரிரு ஆண்டு ஆவதால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நடைபாதைக் கல்லைத் தண்டோடு ஒட்டப் பதிப்பதும் இதே கதை. 2013-ல் டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அது குறைந்தபட்ச அளவே.

## அலையாத்தி: வெட்டியதால் மாறிய மண்

மரத்தின் மீள்திறனுக்கு எல்லை எங்கே என்பதை முத்துப்பேட்டை அலையாத்திக் காடு தெளிவாகக் காட்டுகிறது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு போன்ற காவிரிக் கிளைகள் கடலைச் சேரும் இந்தச் சேற்றில் பெரும்பகுதி வெண்கண்டல். அது இலைவழியே உப்பை வெளியேற்றும். சேற்றுக்கு மேல் நீட்டிய மூச்சுவேரால் சுவாசிக்கும். கிளை முறிந்தால் அடிமரத்திலிருந்தே துளிர்க்கும். கஜாவில் இலை இழந்து காய்ந்ததுபோல் நின்ற வெண்கண்டல்கள் மீண்டது இந்தத் திறனால். பிச்சாவரத்தில் அதிகம் பார்க்கும் சுரபுன்னைக்கு அந்த வசதி இல்லை. சில ஆண்டு முதிர்ந்த கிளையில் அதன் உறங்கும் மொட்டுகள் இறந்துவிடும். முழுதாக இலை இழந்த முதிர்ந்த சுரபுன்னை பெரும்பாலும் எழுவதில்லை.

இவ்வளவு வலுவான வெண்கண்டல் பரப்புப் பரப்பாக அழிந்தது எப்படி? ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பின்னும் சில பத்தாண்டுகள், காட்டைக் கூப்புகளாக, அதாவது வெட்டும் பகுதிகளாகப் பிரித்து முறைவைத்து மொட்டையடித்தார்கள். கணக்கு எளிது: வெட்டினால் துளிர்க்கும், மறுபடி வெட்டலாம். துளிர்க்கும் மரத்துக்கு அடியில் இருக்கும் மண் அந்தக் கணக்கில் வரவில்லை. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, சுருங்கி, நடுவில் தொட்டிபோல் அமிழ்ந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேறவில்லை. தேங்கி, ஆவியாகி, உப்பு மட்டும் நாளுக்கு நாள் கூடியது. கடல்நீரைத் தாங்கும் மரத்தாலும் அந்த உப்பைத் தாங்க முடியவில்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் கண்ட தீர்வு இதற்கு நேரானது: கன்று நடுவதற்கு முன் நீருக்கு வழி விடுவது. ஆற்றோடு இணைத்து ஒரு முதன்மைக் கால்வாய், அதிலிருந்து 45 பாகைச் சாய்வில் இருபுறமும் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஏற்ற வற்றம் உள்ளே போய்வரத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டது. கரையில் நட்ட கன்றுகள் பிடித்தன. கால்வாயில் வண்டல் படிந்து வாய் அடைந்தால் பழைய தொட்டி திரும்பிவிடும் என்பதால், தூர்வாருவது இதில் பிரிக்க முடியாத பாதி.

கடற்கரை இறால் பண்ணைகளும் இதே நீரோட்டத்தைத்தான் மறித்தன. நாகப்பட்டினம் பகுதியில் போராடிய சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அத்தகைய பண்ணைகளை அமைக்கத் தடை விதித்தது.

## ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கு

60 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு புளியையும், 3 செ.மீ. குறுக்களவுள்ள பத்துக் கன்றுகளையும் தராசில் வைப்போம். தண்டின் பரப்பு குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60-ன் வர்க்கம் 3,600. மூன்றின் வர்க்கம் 9, பத்துக்கு 90. பத்தும் பிழைத்தாலும் நாற்பதில் ஒரு பங்கு. அந்தப் பத்தும் வெட்டிய இடத்தில் நடப்படுவதில்லை. சாலையின் புது ஓரத்தில், ஜல்லி கொட்டி இறுக்கிய மண்ணில், ஓரடிக் குழியில் நடப்படுகின்றன. கூண்டு மட்டும் உறுதியாக நிற்கிறது.

கன்று வைத்தே ஆக வேண்டுமானால் மூன்றடி நீள, அகல, ஆழக் குழி; பையைக் கிழித்து, சுருண்ட வேரை நறுக்கிவிட்டு வைப்பது; முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர். பை வேர் சுருண்டபடியே நட்ட மரம் பதினைந்து ஆண்டு கழித்து, தன் வேரே தன் கழுத்தை நெரிக்க, லேசான காற்றில் சாயும்.

ஆற்றங்கரைக்கும் வரப்புக்கும் இதைவிட மலிவான வழி பனங்கொட்டை. ஆடி, ஆவணியில் உதிரும் பழத்தைச் சேர்த்துப் புரட்டாசிக்குள், மழைக்கு முன், பத்தடிக்கு ஒன்றாக ஒரு சாண் ஆழத்தில் புதைத்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. வைத்த இடத்தில் ஒரு அடையாளக் குச்சி நட்டுவைப்பது நல்லது. இல்லாவிட்டால் தை பிறந்ததும் யாராவது கிழங்குக்குத் தோண்டிவிடுவார்கள்.